அகல் வட்டம் என்றால் எவ்வளவு

அக்டோபர் 9, வியாழன்

காலை 6.30. வானம் வெளுப்பு. காற்று இல்லை. மாடியில் மழைமானி: பூஜ்யம். புனலுக்குள் ஒரு செத்த தட்டான். (தட்டான் தாழப் பறந்தால் மழை. புனலுக்குள் செத்துக் கிடந்தால்? யாரும் சொல்லவில்லை.)

செய்ய வேண்டியவை:
– இரண்டாம் ஆண்டு விடைத்தாள், மீதி
– காஸ் பதிவு
– பரண் மேல் தார்ப்பாய், சேகருக்கு
– அட்டவணை. அட்டவணை.

24ஆம் தேதி கல்லூரி அறிவியல் மன்றத்தில் வாசிக்க வேண்டிய கட்டுரை. "மழைக்குறிகள்: ஒரு சோதனை." தலைப்பு நானே கொடுத்தது. ஆடியில் கொடுத்தபோது எளிதாகத் தெரிந்தது. கிராமத்திலிருந்து வரும் மாணவிகள் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு தருவார்கள்: வீட்டில் என்ன குறி பார்த்தார்கள், மறுநாள் மழை வந்ததா. நான் கூட்டிப் பார்ப்பேன். காசு சுண்டிப் பார்ப்பதைவிட மேலா இல்லையா. அவ்வளவுதான். இயற்பியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு இதுகூடவா வராது என்று நினைத்தேன்.

பிஸ்கட் டப்பா நிறையச் சீட்டு. எறும்பு முட்டை தூக்குவது. ஈசானிய மூலை மின்னல். உப்பு ஜாடி கசிவது. நிலாவைச் சுற்றி வட்டம். மலை "முக்காடு போடுவது", அதாவது உச்சியில் மேகம் உட்காருவது. எதிர் வீட்டு அம்மாளின் முழங்கால். (இதை ஒரு பெண் தனிக் குறியாகவே எழுதியிருக்கிறாள். முழங்காலுக்கு மதிப்பெண் மோசமில்லை.)

மாலை தம்பி சேகர் வந்தான், தார்ப்பாய் கேட்டு. இந்த வேங்கிக்கால் வீடு கட்டும்போது வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தருகிறேன் என்றேன். காபி குடித்தான். அடி அண்ணாமலைக் கொல்லையில் மல்லாட்டை (வேர்க்கடலை) முற்றிவிட்டதாம், இந்த வாரமா அடுத்த வாரமா பிடுங்குவது என்று யோசனையாம். மேஜை மேல் செய்தித்தாள் வானிலைப் பக்கம் திறந்தபடி இருந்தது. அதைப் பார்த்தான். என்னைக் கேட்கவில்லை. டம்ளரை அதன் மேலேயே வைத்தான்.

போன வருடம் கேட்டான். "வட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் பலத்த மழை" என்று போட்டிருந்தது. நான் வரைபடத்தை விரித்து, காற்றழுத்தம் விளக்கி, உடனே பிடுங்கு என்றேன். பிடுங்கினான். பாதிக்கு மேல் பிஞ்சு. மழை போளூர்ப் பக்கம் கொட்டியது.

"அந்த ஓரிரு இடத்துல நம்ம கொல்லை இல்லியாக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அதற்குப் பிறகு கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

அக்டோபர் 11, சனி

புரட்டாசிச் சனி. பக்கத்து வீட்டில் கோவிந்தா சத்தம் ஐந்து மணிக்கே. அடி அண்ணாமலைக்கு பஸ், நின்றபடி. வெயில் கடுமை. குடை இல்லாமல் வரப்பில் நடக்க முடியாது.

சேகர் மனைவி மல்லிகா ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். பாதிக் காய் மண்ணிலேயே அறுந்து நின்றது, மண் அவ்வளவு இறுகல். கையில் வந்த காயை உடைத்தாள். ஓட்டின் உள்பக்கம் கறுப்பு. முற்றியதற்கு அதுதான் அடையாளம்.

நிலைமை இது: முற்றிய காய் இனி நிலத்தில் நின்று ஈரம் பட்டால் உள்ளேயே முளைவிடும். பிடுங்கிப் போட்ட பிறகு நனைந்தால் பூஞ்சணம். மல்லிகாவுக்கு வேண்டியது, மண் இளக ஒரு தூறல், அப்புறம் நாலு நாள் வெயில். வானத்திடம் இப்படி வரிசை போட்டுக் கேட்க முடியுமா என்றேன்.

"கேட்டு வெக்கறதுதானே அண்ணி."

கிழக்கு மூலைத் துண்டு விதைக்கு. ஒவ்வொரு வருடமும் விதைக்காய் அதிலிருந்துதான். போன வருடம் என் தயவில் அந்தத் துண்டும் பிஞ்சிலேயே போய், வெளியில் விதை வாங்கி, அது பாதி முளைக்கவில்லை. இதை யாரும் இன்று சொல்லவில்லை. நானாகத்தான் அந்த மூலையைப் பார்க்காமல் நடந்தேன்.

வரப்பில் எறும்பு. முட்டையோடு மேலே ஏறுகிறது, மழைதான் என்றாள். குந்தி உட்கார்ந்து பார்த்தேன், பத்து நிமிடம். ஏறுவது நிறைய. ஆனால் முட்டையோடு இறங்குவதும் இருந்தது. காட்டினேன்.

"அதுங்க வழி தப்பினதுங்க அண்ணி."

எல்லாக் குறிக்கும் இப்படி ஒரு பின்வாசல். பலித்தால் குறி. பலிக்காவிட்டால் எறும்புக்கு வழி தெரியவில்லை.

பக்கத்துக் கொல்லையில் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி: "டீச்சரம்மா கொடையோட வந்துட்டாங்கடி. இன்னிக்குப் பயம் இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். மல்லிகா முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். புரியவில்லை. புரிந்துகொள்ள நிற்கவும் இல்லை. வரப்பில் குடை பிடித்து நடப்பவளைப் பார்த்துச் சிரிப்பது புதிதா என்ன.

திரும்பும்போது வியர்வை, தலைவலி. இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினாள்.

அக்டோபர் 13, திங்கள்

பகலெல்லாம் புழுக்கம். மழைமானி பூஜ்யம். நேற்று தார்ப்பாய் இறக்கவில்லை. ஏணி எதிர் வீட்டில், எதிர் வீடு திருப்பதியில்.

நேற்று இரவு வரை அட்டவணை. எதிர்பார்த்ததுதான். எறும்பு: ஒன்றுமில்லை. தட்டான்: ஒன்றுமில்லை. உப்பு ஜாடி: கொஞ்சம், ஆனால் அது வெறும் ஈரப்பதம். நிலா வட்டம்: சரி பாதி. பலித்தது பாதி, பலிக்காதது பாதி, தராசில் நிறுத்தியதுபோல். கட்டுரைக்கு இதுதான் நல்ல உதாரணம். இவ்வளவு பேர் இவ்வளவு காலமாக நம்பும் குறி, சுண்டிய காசுக்குச் சமம். எழுதிவிட்டு ஒரு திருப்தி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். தமிழ்த்துறை மீனாட்சிக்குப் பிடிக்கவில்லை. பழமொழியையே சரியாக எழுதவில்லையாம்.

"அகல் வட்டம் பகல் மழை மேடம். அகல் வட்டம்னா வினைத்தொகை. அகன்ற வட்டம், அகல்கின்ற வட்டம், அகலும் வட்டம். வட்டம் பெரிசா இருந்தா மறுநாள் பகல்ல மழைன்னு அர்த்தம். நீங்க வெறும் வட்டம்னு எழுதியிருக்கீங்க."

வட்டம் வட்டம்தானே என்றேன்.

"வீட்டுல ஊறுகாய்க்கும் காய்க்கும் வித்தியாசம் பார்ப்பீங்கல்ல?"

அறை முழுக்கச் சிரிப்பு. வினைத்தொகைக்கும் வானிலைக்கும் என்ன சம்பந்தம். எரிச்சலோடு வகுப்புக்குப் போனேன். ஒளிவிலகல் நடத்தினேன். மோசமாக.

அக்டோபர் 15, புதன்

பௌர்ணமி. மதியத்திலிருந்தே பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடை. ஒவ்வொரு பௌர்ணமியும் மல்லிகா வீட்டு வாசலில், கிரிவலப் பாதையை ஒட்டி, வேகவைத்த மல்லாட்டை விற்பாள். கூட நான் பொட்டலம் மடிப்பேன். பேச வேண்டாத வேலை. எனக்குப் பிடிக்கும்.

போனதும் அவள் முதலில் என் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். அப்புறம் வானத்தை. அப்புறம் சேகரை. தார்ப்பாய் எங்கே என்று அவன் கேட்டான். மறந்துவிட்டேன். குடையை மறக்கவில்லை, தார்ப்பாயை மறந்தேன்.

ஏழரை மணி இருக்கும். பாதையில் போகிறவர்கள் நின்று நின்று மேலே கை காட்டினார்கள். நிலாவைச் சுற்றி வட்டம். பெரியது. முழுசு. உள்விளிம்பில் லேசாகச் சிவப்பு. கையை நீட்டி விரல்களை விரித்து அளந்தேன். நிலாவில் கட்டைவிரல், வட்டத்தில் சுண்டுவிரல். ஒரு சாண்.

பாடத்தில் இருப்பதுதான். உயரத்தில் பனித்துகள் மேகம். மெல்லிய திரைபோல் வானம் முழுக்க. பெரிய மழைக்கு முன்னால் இப்படித் திரை வருவது உண்டு. எப்போதும் அல்ல. ஆனால் உண்டு. நிலாவை ஒட்டிச் சின்னதாய் வரும் வட்டம் வேறு, அது தாழ்ந்த மேகத்தின் நீர்த்துளியால். இரண்டும் ஒன்றல்ல. பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் இரண்டையும் தனித்தனியாக வரைகிறேன்.

மல்லிகா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். சேகர் அவளைப் பார்த்தான்.

"மழை இல்ல. நாளைக்கே ஆள் உட்டுப் பிடுங்கலாம்" என்றாள்.

எப்படிச் சொல்கிறாய் என்று நான்தான் கேட்டேன்.

"அகல் வட்டம் பகல் மழைதானே அண்ணி? இது அகலா? இம்மாம் பெருசு." உள்ளங்கையைக் குழித்து, தீபத்துக்கு ஏற்றும் அகல் விளக்கைப் பிடிப்பதுபோல் காட்டினாள். "நிலாவ ஒட்டி, அகலு கணக்கா, சின்னதா இருந்தாத்தான் மழை. இது எங்கியோ தூரத்துல பேயும். நமக்கு இல்ல."

அகல் விளக்கு. கார்த்திகைக்கு வீட்டுக்கு வீடு நூறு அகல் வாங்கும் ஊர். வேறு எந்த அகல் இவர்களுக்கு ஞாபகம் வரும்?

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அப்போதே. "தலைகீழாகப் பார்க்கிறாய், இதுதான் மழை வட்டம்" என்று. ஒரே வாக்கியம்.

சொல்லவில்லை. காரணங்கள், நேர்மையாக:
1. போன வருடம்.
2. குறியெல்லாம் பொய் என்று இரண்டு மாதமாக அதே வாசலில் நின்று சொன்னவள், இன்று ஒரு குறிக்கு வக்காலத்து வாங்குவதா.
3. "எப்போதும் அல்ல, ஆனால் உண்டு" என்பதை இவர்களிடம் எப்படிச் சொல்வது. சொன்னால் "ஓரிரு இடங்களில்" மாதிரிதான் கேட்கும்.
4. சேகர் என்னைப் பார்க்கவே இல்லை.

நாலாவதுதான் உண்மை. மற்றது அலங்காரம்.

பொட்டலம் மடித்தேன். ஒன்பது மணிக்கு மேல் ஒரு ஆட்டோ கிடைத்தது. வட்டம் கூடவே வந்தது.

அக்டோபர் 16, வியாழன்

வெயில். மெல்லிய திரை மேகம். வெயிலுக்கே ஒரு சோகை. காற்று திரும்பியிருக்கிறது.

வகுப்பில் கவனமில்லை. பத்து மணி இடைவேளையில் கல்லூரி அலுவலகத்திலிருந்து சேகர் வீட்டுக்கு அடுத்த மளிகைக் கடைக்குப் போன். கடைக்காரரிடம், மழை வரலாம், பிடுங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். அரை மணி கழித்து மறுபடி போன். சொல்லிவிட்டாராம். என்ன சொன்னான்?

அவர் சிரித்தார். "உங்க தம்பி சொன்னாருங்க, அக்கா வரும்னு சொல்லிச்சா, அப்ப கண்டிப்பா வராது, இன்னும் ரெண்டு ஆள உடுன்னாரு."

ரிசீவரை வைத்துவிட்டு நின்றேன். குமாஸ்தா இன்னொரு போன் பண்ணுகிறீர்களா மேடம் என்றார்.

மதியம் விடுப்பு போட்டுப் போயிருக்கலாம். செயல்முறைத் தேர்வு, இரண்டு முதல் ஐந்து வரை. விடுப்பு கேட்கவில்லை. கேட்டால் காரணம் எழுத வேண்டும். "நிலா வட்டம்" என்றா எழுதுவது?

மாலை ஏணி வந்தது. தார்ப்பாயை இறக்கினேன். ஒரு மூலையில் எலி கடித்திருக்கிறது. மடித்து வாசலில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை முதல் வேலை.

அக்டோபர் 17, வெள்ளி

விடியற்காலை நாலே கால். சத்தத்தில் விழித்தேன். முதலில் காற்று. பிறகு ஒன்றும் கேட்காதபடி மழை.

ஆறு மணிக்கும் விடவில்லை. மழைமானி: 38. இரண்டு மாதத்தில் பெரியது. எழுதும்போது கை தானாக "வட்டம்" வரிசைக்குப் போய் ஒரு டிக் போட்டது. அப்புறம்தான் உறைத்தது, இது கொல்லையில் கிடக்கும் காய் என்று.

தார்ப்பாயைத் தலையில் வைத்து, கல்லூரிக்குச் சொல்லாமல், ஆட்டோ. பாதையெல்லாம் பௌர்ணமிக் குப்பை மிதக்கிறது. மலையே தெரியவில்லை.

முக்கால் கொல்லை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். செடியைத் தலைகீழாய், காய் மேலே தெரிய, வரிசை வரிசையாக. வெயிலுக்கு அழகாக இருந்திருக்கும். இன்று எல்லாம் சேற்றில். சேகர் பழைய கோணிகளைப் போட்டு மூடிக்கொண்டிருந்தான், பத்தில் ஒன்றுக்குக்கூடப் போதாது. மல்லிகா செடிகளை அரிக்கட்டுகளாகக் கட்டி மேட்டுக்குச் சுமந்தாள். நானும் சுமந்தேன். புடவை முழங்கால் வரை சேறு. தார்ப்பாய் வரவும் மழை விடவும் சரியாக இருந்தது.

பதினோரு மணிக்கு மறுபடி பிடித்துக்கொண்டது.

கிழக்கு மூலை மட்டும் பிடுங்காமல் நிற்கிறது. ஆள் போதவில்லையாம். விதைத் துண்டு. நல்லதா கெட்டதா, இப்போது யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 18, சனி

தூறல். சாயங்காலம் வெளுத்தது. சளி எனக்கு.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து காய் ஆய்ந்தோம், செடியிலிருந்து பறித்துப் போடுவது. ஈர மண் வாசனை, மேலே மின்விசிறி. அடியிலிருந்த காயில் வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கிறது. அது ஒரு குவியல். கறுத்தது ஒரு குவியல். நல்லது ஒரு குவியல். மூன்றாவது மற்ற இரண்டையும்விடச் சின்னது.

வேலைக்கு வந்த கேழ்வரகுக்காரி (பெயர் பச்சையம்மா, இன்றுதான் கேட்டேன்) மல்லிகாவிடம், "டீச்சரம்மா அன்னிக்குக் கொடையோடதானே வந்தாங்க? அப்புறம் எப்படி பேஞ்சிச்சு?" என்றாள்.

மல்லிகா கண்ணால் அடக்கினாள். நான் விடவில்லை. கேட்டேன். இது என்ன குடைக் கதை?

கடைசியில் பச்சையம்மாதான் சொன்னாள். நான் குடையோடு கொல்லைக்கு வந்தால் அன்று மழை வராதாம். இரண்டு வருடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். துணி காயப்போட, கேழ்வரகு காயவைக்க, வரட்டி தட்ட. "டீச்சரம்மா கொடை" என்று ஊரில் நாலு வீட்டுக்குத் தெரியுமாம். எறும்புகூடத் தப்புமாம், இது தப்பாதாம்.

காய் ஆய்ந்துகொண்டே இருந்தேன். முகம் சுட்டது.

ஆக புதன்கிழமை மல்லிகா வானத்துக்கு முன்னால் குடையைப் பார்த்தது அதனால். பெரிய வட்டம் ஒரு குறி. நான் ஒரு குறி. இரண்டும் ஒரே பக்கம் சொன்னதால்தான் அவ்வளவு உறுதி. மறுநாள் போனில் நானே மூன்றாவது குறியும் கொடுத்தேன்.

அப்படியென்றால் குடை பொய்த்துவிட்டதே என்றேன். கொஞ்சம் குரூரமாகவே.

மல்லிகா தலையைத் தூக்கவில்லை. "புதன்கெழம பேயலியே அண்ணி. வெள்ளிக்கெழமதானே பேஞ்சிது. அன்னிக்கு நீங்க வெடியகாலைல இங்க இல்லியே."

மறுபடி பின்வாசல். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன. அவள் கைவிரல் எல்லாம் வெடித்திருந்தது.

மற்றவர்கள் போன பிறகு சேகரிடம் சொன்னேன். புதன்கிழமையே எனக்குத் தெரியும், அந்த வட்டம் மழைக்கானது, வாயைத் திறக்கவில்லை என்று. நீளமாகச் சொல்லவில்லை.

அவன் முளைவிட்ட காய் ஒன்றை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்க்கா." காயை அதன் குவியலில் போட்டான். "ஆனா நீ சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

அக்டோபர் 19, ஞாயிறு

மூக்கடைப்பு. கஷாயம். வெயில் வந்தது. மழைமானி: 2.

என் பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். கொல்லைக்குப் போன நாள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், மழைமானியும் அதே பக்கத்தில். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு தாளில் கோடு போட்டேன். தலைப்பு: குடை.

குடையோடு போன நாள் ஒன்றில்கூட மழை இல்லை. ஒன்றில்கூட.

இரண்டு மாதச் சீட்டில் இல்லாத சுத்தம். கட்டுரையில் உள்ள எல்லாக் குறிகளிலும் நம்பகமானது நான் பிடிக்கும் குடை.

பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. வெயில் சுள்ளென்று இருந்தால்தான் நான் கிளம்புவேன், காலையில் போய் மதியம் திரும்புவேன். மூட்டமாக இருந்தால் போவதே இல்லை. இங்கே மழை மாலையில். மழை வராத நேரமாகப் பார்த்துப் போகிறவளின் கையில் இருப்பது குடை. முதலாண்டுப் பெண்கூடச் சொல்லிவிடுவாள்.

சரி. காரணம் இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்த்ததும் தப்பில்லை. அதுதான் உறுத்துகிறது.

பௌர்ணமி ஒன்றுதான் நான் மாலையில் போகும் நாள். அதை அவர்கள் தனியாகப் பிரிக்கவில்லை. நானும் வட்டத்தைப் பெரிது, சிறிது என்று பிரிக்கவில்லையே.

அக்டோபர் 20, திங்கள்

சீட்டு தந்த பெண்களை நிறுத்தி வைத்துக் கேட்டேன். நிலா வட்டம் என்று எழுதினீர்களே, எவ்வளவு பெரியது?

ஒருத்தி கையால் முறம் அளவு காட்டினாள். இன்னொருத்தி வளையல் அளவு. மூன்றாமவள், "மறந்துட்டேன் மேடம், எங்கப்பா சொன்னதத்தான் எழுதினேன்." யார் வீட்டில் அகல் என்றால் விளக்கு? ஏழெட்டுக் கை. யார் வீட்டில் அகல் என்றால் அகலம்? ஏழெட்டுக் கை. நடுவில் சிலர் இரண்டுக்கும் தூக்கினார்கள்.

சரி பாதி. தராசில் நிறுத்தியதுபோல். அது குறியின் பொய் அல்ல. ஒரே சொல்லுக்கு இரண்டு அளவு. இரண்டையும் ஒரே கட்டத்தில் கொட்டிக் கூட்டியவள் நான். என்ன குறி என்று கேட்டேன், எவ்வளவு என்று கேட்கவில்லை. செயல்முறை நோட்டில் அலகு எழுதாத பெண்களுக்குச் சிவப்பு மையால் முட்டை போடுகிறவள்.

மீனாட்சியிடம் போய்ச் சொன்னேன், நீங்கள் சொன்னது சரி என்று. அவளுக்கு ஆச்சரியம். "அப்ப வினைத்தொகைதானே?" இல்லை, விளக்கும்தான் என்றேன். அதை ஏற்கவில்லை. பழமொழியை ஊர் கெடுத்துவிட்டதாம். விட்டுவிட்டேன்.

வட்ட வரிசையைக் கோடு போட்டு அடித்தேன். கட்டுரையின் நல்ல உதாரணம் போயிற்று. 24க்கு என்ன வாசிப்பது? தெரியவில்லை. மன்றத் தலைவரிடம் தள்ளிப்போடக் கேட்டால், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்கிறார்.

காஸ் பதிவு இன்னும் செய்யவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

வானம் துடைத்ததுபோல். மண் இளகியிருக்கும். மல்லிகா கேட்ட வரிசைப்படி, ஒரு மழை, பிறகு வெயில். ஆனால் ஒரு துண்டுக்கு மட்டும்.

மாலை ஆறரைக்கு போன். மளிகைக் கடையிலிருந்து சேகர். பின்னால் யாரோ பருப்பு நிறுக்கும் சத்தம். அவனாகப் போன் செய்வது ஆடிக்கு ஒரு முறை.

கிழக்கு மூலையை நாளைக்குப் பிடுங்குகிறார்களாம். ஒரு செடி பார்த்தானாம், இன்னும் முளைவிடவில்லை, இப்போது எடுத்தால் விதை தப்பிக்கும், காய நாலு நாள் வேண்டும். பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்கிறான்.

வாசித்தேன். "பொதுவாக வறண்ட வானிலை. ஓரிரு இடங்களில்..." நிறுத்திவிட்டேன்.

அவன் சிரித்தான்.

"சரி, நீ என்ன சொல்ற?"

தெரியவில்லை என்றேன். நாலு நாளைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றைக்கு வட்டம் இல்லை, காற்று மேற்கே திரும்பிவிட்டது, நானாக இருந்தால் பிடுங்குவேன். தப்பானாலும் தப்பாகலாம். தார்ப்பாய் அங்கேயே இருக்கட்டும்.

"ம்." பருப்புச் சத்தம். "நாளைக்கு லீவு போட முடியுமாக்கா?"

போடுகிறேன் என்றேன்.

"காலைலயே வந்துடு. வரும்போது," குரலைத் தாழ்த்தினான், பக்கத்தில் மல்லிகா நிற்கிறாள் போலிருக்கிறது, "அந்தக் கொடைய எடுத்தாந்துடு."

கேலியா, இல்லையா. கேட்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

காலை 5.50. வானம் தெளிவு. கிழக்கே ஒரு கீற்று மேகம், உயரத்தில். மழைமானி: 0. விடுப்புக் கடிதம் எதிர் வீட்டில் கொடுத்தாயிற்று. காரணம்: குடும்ப வேலை.

கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். வெயில் வரவில்லை. எனக்குக் குடை தேவையும் இல்லை.

குறி: குடை
அளவு: சாதாரணம், எட்டுக் கம்பி, கறுப்பு
எடுத்தது: ஆம்
மழை: